அம்மை வடுவும் அதைப் படித்தவர்களும்

தளவாய்புரம், சேத்தூர், முகவூர் முதலிய ஊர்களை உள்ளடக்கிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்திலும், பின்னர் இராமநாதபுரம் மாவட்டத்திலும் இருந்து, 1985இல் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஆட்சி எல்லைகள் மாறிவந்த அக்காலத்தில் பெரியம்மை ஒழியும் வரை, முகத்தில் அம்மை வடு உடையவர்கள் தமிழகத்தின் மற்ற ஊர்களைப் போலவே இங்கும் காணப்பட்டனர்.

புண் ஆறிய இடம் கருத்துப்போவதற்கு, அழற்சியால் தூண்டப்பட்ட நிறமிச் செல்கள் தோலுக்கு நிறம் தரும் மெலனினை மிகுதியாகச் சுரப்பதே காரணம். அது மேல்தோலில் மட்டும் தங்கினால் சில மாதங்களில் மங்கும், அடித்தோலில் இறங்கினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். சின்னம்மை பெரும்பாலும் இக்கருமையை மட்டுமே விட்டுச்செல்ல, பெரியம்மையோ முகத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் அழித்ததால் ஆயுள் முழுதும் மாறாத குழிகளை விட்டுச்சென்றது.

கொப்புளங்களை மாரியம்மன் இட்ட முத்துகளாகக் கருதிய குடும்பங்கள் வாசலில் வேப்பிலை செருகி, வீட்டில் தாளிப்பை நிறுத்தி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வரை நோயாளியைத் தனியே கிடத்தின. அரித்த இடத்தை நகத்தால் சொறியவிடாமல் வேப்பங்கொத்தால் வருடிவிட்டது, கொப்புளம் உடைந்து சீழ்பிடிப்பதையும் வடு ஆழமாவதையும் ஓரளவு குறைத்திருக்கக்கூடும். பிழைத்தவர்களின் நேர்த்திக்கடன் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கும், பூக்குழித் திருவிழாவால் அறியப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய மாரியம்மன் கோயிலுக்கும் உரியதாயிற்று.

அரசு தேடியது வேறொரு வடுவை. ஆங்கில மருத்துவர் ஜென்னர் 1796இல் சோதித்த அம்மை குத்தும் முறை 1802இல் இந்தியாவை எட்டியபோது, வெப்பத்தில் மருந்து கெட்டுவிடும் என்பதால், ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்து நீரை அடுத்த குழந்தையின் கையில் ஏற்றி மருந்தைக் காத்தனர். பின்னர் கன்றின் தோலில் வளர்த்தெடுக்கும் அம்மைப்பால் வழக்கத்துக்கு வந்து, 1899இல் கிண்டியில் தொடங்கிய கிங் நிலையம் அதன் தயாரிப்பிடமாயிற்று. அம்மை குத்துபவர் சில நாள் கழித்துத் திரும்பிவந்து, குத்திய இடம் பொங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். பொங்கி ஆறிய வடுவே மருந்து பலித்ததற்குச் சான்று.

1962இல் தேசிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியபின் இவ்விரு வடுக்களும் கணக்கெடுப்புக்குக் கருவியாயின. குத்தியதாகப் பதிவேடு காட்டிய எண்ணிக்கையைக் கைத்தழும்புகளை எண்ணிச் சரிபார்த்தனர். அம்மை வடு பெரிய பிள்ளைகளின் முகத்தில் இருந்து, சிறு குழந்தைகளின் முகத்தில் இல்லையென்றால், அவர்கள் பிறக்கும் முன்பே அவ்வூரில் நோய்ப்பரவல் நின்றுவிட்டது என்று கணித்தனர். நோயை மறைத்த வீட்டாலும், விடுபட்ட பதிவாலும் இக்கணக்கை எளிதில் குலைக்க இயலவில்லை.

இந்தியாவில் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1975 மே மாதம் பீகாரில் கண்டறியப்பட்டார். 1980 மே 8 அன்று உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன்பின் பிறந்தவர்களின் இடக்கையில் காணும் தழும்பு பெரும்பாலும் காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி விட்டுச்சென்றதாகும்.