பயோடேட்டாவின் கடைசி வரி

பயோடேட்டாவில் 'பொழுதுபோக்கு' எப்போதும் கடைசியில்தான் வரும். புத்தகம் படித்தல், பாட்டு கேட்டல் என்று எதையாவது எழுதி முடித்துவிடுவார்கள்.

1482 வாக்கில் லியோனார்டோ டா வின்சி, மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயாரித்தார். மொத்தம் பத்து அம்சங்கள். முதல் ஒன்பதும் போர் சம்பந்தப்பட்டவை: தூக்கிச் செல்லும் பாலம், பீரங்கி, சுரங்கப்பாதை, கவச வண்டி. பத்தாவதில்தான் கட்டிடக்கலை, சிற்பம், ஓவியம் எல்லாம். இத்தனைக்கும் ஃபிளாரன்ஸில் அவர் கற்ற தொழிலே ஓவியம்தான்! ஆனால் ஆள்பவருக்கு வேண்டியது போர்க்கருவி.

கவச வண்டி காகிதத்தோடு சரி. அதே லுடோவிகோவுக்காக 1495 முதல் 1498 வரை சுவரில் வரைந்த 'கடைசி இராவுணவு' ஓவியமோ இன்றும் மிலானில் இருக்கிறது.

கடைசி வரிதானே என்று நண்பனின் பயோடேட்டாவைப் பார்த்துக் காப்பியடிப்பவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.