180 லிட்டர்: சிறுநீரக வடிகட்டலை அளந்த வரலாறு

சிறுநீரகங்களில் நாளொன்றுக்கு வடியும் நீர் ஏறத்தாழ 180 லிட்டர். சிறுநீராக வெளியேறுவதோ ஒன்றரை லிட்டர் அளவே. மீதி முழுவதும் இரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. இன்று பள்ளிப் பாடநூலில் இடம்பெறும் இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் தேர்ந்த உடலியங்கியல் அறிஞர்கள் சிலர் நம்ப மறுத்தனர். சிறுநீரகம் எவ்வாறு இயங்குகிறது என்ற கேள்வியும் அதன் இயக்கத்தை எப்படி அளப்பது என்ற கேள்வியும் தனித்தனியே தீர்ந்தவை அல்ல. அளக்க வழி பிறந்த பிறகே இயக்கமும் ஐயமறத் தெளிவாயிற்று.

உறுப்பின் அமைப்புதான் முதலில் தெரியவந்தது. 1662இல் இத்தாலியின் பைசா நகரில் லொரென்சோ பெல்லினி, 19 வயதில், சிறுநீரகம் வெறும் கெட்டிப் பிண்டம் அன்று, நுண்குழல்களின் தொகுதி என்று காட்டினார். 1666இல் மார்செல்லோ மல்பீகி சிறுநீரகத் தமனிக்குள் சாயத் திரவத்தைச் செலுத்தி, அதன் கிளைகளில் பழங்கள்போல் தொங்கும் சிறு உருண்டைகளைக் கண்டார். அந்த உருண்டைகளுக்கும் குழல்களுக்கும் உள்ள இணைப்பு பிடிபட 176 ஆண்டுகள் ஆயின. 1842இல் லண்டனில் வில்லியம் பௌமான், ஒவ்வோர் உருண்டையும் ஒரு தந்துகி முடிச்சு என்றும், அதைச் சூழ்ந்த கிண்ணமே நீண்டு குழலாகிறது என்றும் நிறுவினார். கிளாமருலஸ் எனப்படும் அந்த முடிச்சு, பௌமானின் கிண்ணம், குழல் ஆகியவை சேர்ந்ததே நெஃப்ரான். ஒரு சிறுநீரகத்தில் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள் உள்ளன.

அமைப்பைச் சரியாகக் கண்ட பௌமான் செயலை ஊகிப்பதில் பாதி வழிதான் சென்றார். கிளாமருலஸ் தண்ணீரை மட்டும் விடுகிறது, யூரியா போன்றவற்றைக் குழலின் செல்கள் சுரந்து சேர்க்கின்றன என்பது அவர் கருத்து. அதே 1842இல், பௌமானைப் போலவே 1816இல் பிறந்த கார்ல் லுட்விக், ஜெர்மனியின் மார்பர்க்கில் வேறொரு விளக்கம் தந்தார். இரத்த அழுத்தமே புரதம் நீங்கலான பிளாஸ்மாவைக் கிளாமருலஸின் சுவர் வழியே பிழிந்து தள்ளுகிறது. குழலில் இறங்கும்போது நீர் மீள உறிஞ்சப்பட்டு எஞ்சியது சிறுநீராகிறது என்றார்.

இதற்குக் கடும் எதிர்ப்பு பிரெஸ்லாவ் நகரின் ருடால்ஃப் ஹைடன்ஹைனிடமிருந்து வந்தது. அவருடைய வாதம் எளிய பெருக்கல் கணக்கு. ஒருவர் ஒரு நாளில் வெளியேற்றும் யூரியா முழுவதும் வடிந்தே வருவதாயின், இரத்தத்தில் அது இருக்கும் அளவை வைத்துப் பார்த்தால் சுமார் 70 லிட்டர் நீர் வடிய வேண்டும். அத்தனையும் வடிந்து, ஏறக்குறைய அத்தனையும் திரும்பி உறிஞ்சப்படும் என்பது அவருக்கு நம்பத் தகாததாகத் தோன்றியது. கணக்கு தவறவில்லை, உண்மை அளவு அதனினும் இரண்டரை மடங்கு பெரியது. இண்டிகோ கார்மைன் என்ற சாயம் குழல் செல்களில் திரள்வதை அவர் சான்றாகக் காட்டியதும் வீண்போகவில்லை. குழல்கள் சில பொருள்களைச் சுரக்கவும் செய்கின்றன என்பதை 1923இல் அமெரிக்காவின் மார்ஷல் மெய்ப்பித்தார். தோற்ற தரப்பிலும் ஓர் உண்மை இருந்தது.

1899இல் எர்னஸ்ட் ஸ்டார்லிங், பிளாஸ்மாப் புரதங்கள் நீரை இழுத்துப் பிடிக்கும் விசை 25 முதல் 30 மி.மீ. பாதரச அளவு என்று கண்டறிந்தார். தந்துகியின் அழுத்தம் அதை விஞ்சினால் வடிகட்டல் நடக்கும் என்பதால் லுட்விக்கின் கருத்து வலுப்பெற்றது. நேரடிச் சான்று பிலடெல்ஃபியாவில் கிடைத்தது. ஜோசப் வேர்னும் ஏ. என். ரிச்சர்ட்ஸும் தவளையின் ஒற்றைக் கிளாமருலஸுக்குள், நுண்ணோக்கியின் கீழ், முடியினும் மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செருகித் துளித் திரவத்தை உறிஞ்சி எடுத்தனர். அதில் புரதம் இல்லை. சர்க்கரையும் குளோரைடும் இருந்தன. அதே தவளையின் சிறுநீர்ப்பையிலோ அவை இல்லை. வடிந்தவை வழியில் மீட்கப்பட்டன என்பதற்கு 1924இல் வெளியான இந்த ஆய்வு போதுமானதாயிற்று.

அடுத்த கேள்வி, மனித உடலில் எவ்வளவு வடிகிறது என்பது. தவளைக்குச் செய்ததை மனிதருக்குச் செய்ய இயலாது. தாராளமாக வடியும், ஆனால் குழலில் உறிஞ்சப்படாத, சுரக்கவும் படாத ஒரு பொருள் இருந்தால், சிறுநீரிலும் பிளாஸ்மாவிலும் அதன் செறிவை ஒப்பிட்டே வடிந்த நீரைக் கணக்கிட்டுவிடலாம். 1926இல் கோபன்ஹேகனின் பௌல் பிராண்ட் ரேபெர்க் கிரியேட்டினினைக் கரைத்துத் தாமே குடித்துச் சோதித்தார். சில ஆண்டுகளில் நியூயார்க்கின் ராக்பெல்லர் மருத்துவமனையில் வான் ஸ்லைக் குழுவினர் யூரியாவுக்குக் ‘கிளியரன்ஸ்’ என்ற சொல்லை வழக்காக்கினர். ஒரு நிமிடத்தில் ஒரு பொருள் முற்றிலும் நீங்கும் பிளாஸ்மாவின் அளவே கிளியரன்ஸ். ஆயினும் யூரியாவில் ஒரு பகுதி குழலில் திரும்பி உறிஞ்சப்படுவதால் அது குறைத்தே காட்டும்.

தேடிய பொருள் டாலியாக் கிழங்கில் இருந்தது. இனுலின் என்னும் அந்த மாவுப்பொருளை உடல் சிதைப்பதில்லை, குழலும் தொடுவதில்லை. 1930களின் நடுவில் ரிச்சர்ட்ஸ் குழுவும், ஜேம்ஸ் ஷானனும் ஹோமர் ஸ்மித்தும் இதை நிலைநாட்டினர். நிமிடத்துக்கு 1 மி.லி. சிறுநீர் வரும்போது, அதில் இனுலினின் செறிவு பிளாஸ்மாவில் இருப்பதைப் போல 125 மடங்கு இருந்தால், வடிகட்டும் வீதம் நிமிடத்துக்கு 125 மி.லி. அதை 1,440 நிமிடங்களால் பெருக்கினால் 180 லிட்டர். ஹைடன்ஹைன் தயங்கிய இடத்தை இந்தக் கணக்கு எளிதில் கடந்துவிட்டது.

ஆனால் இனுலினைச் சிரையில் தொடர்ந்து செலுத்திக்கொண்டே சோதிப்பது அன்றாட மருத்துவத்துக்கு ஏற்றதன்று. அதனால் தசையிலிருந்து தானே உருவாகும் கிரியேட்டினினிடம் மருத்துவம் திரும்பியது. 1886இல் மாக்ஸ் யாஃபே கண்ட பிக்ரிக் அமில வினையைக் கொண்டு 1904இலேயே ஓட்டோ ஃபோலின் அதை நிறத்தால் அளந்திருந்தார். இந்த அளவில் ஒரு பொறி உண்டு. வடிகட்டும் வீதம் பாதியானால் கிரியேட்டினின் இரட்டிக்கும், டெசிலிட்டருக்கு 0.6 மி.கி. என்றிருந்தவருக்கு 1.2 ஆகும். அது பல ஆய்வகத் தாள்களில் இயல்பு எல்லையை ஒட்டியே இருப்பதால், பாதித் திறன் போனதும் கண்ணில் படாமல் போகலாம்.

இக்குறையை ஈடுகட்டவே வாய்ப்பாடுகள் வந்தன. 1976இல் காக்கிராஃப்டும் கால்ட்டும் 249 நோயாளிகளைக் கொண்டு வயது, எடை, கிரியேட்டினின் மூன்றையும் இணைத்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பெண்களுக்கான 0.85 என்ற பெருக்கெண் அளந்து பெற்றதன்று, கருதிக்கொண்டது. 1999, 2009 ஆகிய ஆண்டுகளின் அமெரிக்க வாய்ப்பாடுகள் கறுப்பினத்தவருக்குத் தனிப் பெருக்கெண் வைத்திருந்தன. 2021இல் அது நீக்கப்பட்டது.

இந்தியாவில் வேறொரு சிக்கல். தசை குறைவாகவும் இறைச்சி உணவு அரிதாகவும் உள்ளவர்களிடம் கிரியேட்டினின் இயல்பாகவே குறைந்திருக்கும். அமெரிக்க வாய்ப்பாடு அவர்களுடைய சிறுநீரகத் திறனை உள்ளதைவிட மிகுத்துக் காட்டிவிடும். உட்கரு உள்ள எல்லாச் செல்களும் உருவாக்கும் சிஸ்டாடின் சி என்ற சிறு புரதம், தசையை அவ்வளவாகச் சாராதது என்பதால், இத்தகையோருக்குக் கிரியேட்டினினுடன் சேர்த்து அளக்கப்படுகிறது. சிறுநீரக தானம் செய்ய முன்வருபவரைப் போல மிகத் துல்லியம் வேண்டியிருக்கும் இடங்களில், ஐயோஹெக்சால் என்ற எக்ஸ்ரே சாயப்பொருளைச் செலுத்தி, அது இரத்தத்திலிருந்து நீங்கும் வேகத்தை மணிக்கணக்கில் அளக்கும் முறையும் வழக்கில் உள்ளது.