பூட்டுப் போட்ட கால்வாய்

அந்தமான் தீவுகளில் வாழும் தமிழ் நேயர்களுக்குக் கடலின் ஏற்றத்தையும் வற்றத்தையும் பற்றி எவரும் பாடஞ் சொல்ல வேண்டியதில்லை. பாராட்டாங்குக்குச் செல்லும் வழியிலே, கண்டல் மரங்களின் வேர்கள் ஒரு வேளை நீரில் மூழ்கியும் மறு வேளை சேற்றில் வெளிப்பட்டும் நிற்பதை அவர்கள் நாள்தோறும் காண்கின்றனர். இவ்வாறு ஏறி இறங்கும் நீரின்மேல் மட்டங் குலையாமல் படகு செலுத்துவது எப்படி? சென்னைக் கரையிலே இக்கேள்விக்கு விடை தேடியவர்கள், நீருக்கே பூட்டுப் போட்டனர்.

ஆங்கிலத்தில் இதனை ‘லாக்’ என்பர். நம் மக்கள் வாயில் அது ‘லாக்கு’ ஆயிற்று. கால்வாயின் குறுக்கே, ஒரு படகு நிற்கும் அளவுக்கு இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் இரட்டைக் கதவுகள் அமைத்திருப்பார்கள். படகு உள்ளே வந்ததும் பின்கதவை மூடுவர். முன்கதவில் உள்ள சிறு மதகைத் திறப்பர். தொட்டியின் நீர் மெல்ல ஏறியோ இறங்கியோ அப்புறத்து நீரோடு சமமானதும் கதவு எளிதில் திறந்துகொள்ளும். கதவுகள் இரண்டும் மேட்டு நீரை நோக்கி முனை நீட்டிச் சேர்வதால், நீரின் பாரமே அவற்றை இறுக்கிப் பூட்டிவிடுகிறது. போர்ட் பிளேரில் (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற நகர்) பீனிக்ஸ் பே உலர்துறையைக் கண்டவர்களுக்கு இது விளங்கும். அங்கே கதவடைத்து நீரை இறைத்து வெளியேற்றுகின்றனர். இங்கே நீரைச் சமப்படுத்துவதோடு சரி.

இங்கிலாந்திலே லாக்குகள் பெரும்பாலும் குன்றேறுவதற்காக எழுந்தவை. 1810-இல் திறக்கப்பட்ட கென்னட்–ஏவன் கால்வாயில், டெவைசஸ் என்னும் ஊரருகே 29 லாக்குகள் உள்ளன. அவற்றுள் 16 ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுப் போல் நிற்கின்றன. சென்னைக் கடற்கரையிலோ ஏறுவதற்குக் குன்றேது? கூவமும் அடையாறும் பாலாறும் கால்வாயைக் குறுக்கே வெட்டிச் செல்கின்றன. மழைக்காலத்தில் வெள்ளமும் வண்டலும் கால்வாய்க்குள் புகும். கோடையில் கால்வாய் நீர் ஆற்றுக்குள் வடிந்துவிடும். ஆகவே ஆற்றைக் கடக்குமிடங்களில் லாக்குகள் காவல் நின்றன.

இக்கால்வாயின் முதற்பகுதி, சென்னையிலிருந்து வடக்கே எண்ணூர் வரை, 1801-இல் தொடங்கி 1806-இல் முடிந்தது. பணம் போட்டவர் பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர். பின்னாளில் இலண்டனில் நீராவிக் குளியலைப் பரப்பிப் பெயர் வாங்கிய விந்தை மனிதர். அவர் பெயராலேயே அது காக்ரேன் கால்வாய் எனப்பட்டது. பின்னர்ப் பழவேற்காட்டு ஏரி வரை நீண்டது. 1837-இல் அரசாங்கம் அதனைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சிறிது சிறிதாக வளர்ந்து, வடக்கே ஆந்திரத்துப் பெத்த கஞ்சாம் முதல் தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் நீளம் பெற்றது. கோதாவரி, கிருஷ்ணைக் கால்வாய்களோடு இணைந்தபின், காக்கிநாடாவில் ஏறிய மூட்டை கடலைத் தொடாமலே சென்னையில் இறங்கலாயிற்று.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் நடுத்துண்டு 8 கிலோமீட்டர்தான். ஆயினும் அதன் வரலாறே நெஞ்சைத் தைப்பது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாதுவருஷப் பஞ்சத்தின்போது, பஞ்ச நிவாரண வேலையாக அது வெட்டப்பட்டது. செலவு சுமார் 30 இலட்சம் ரூபாய். அந்நாளில் இந்திய அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோனுக்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதும் எனக் கூலியைக் குறைத்தார். ஒரு இராத்தல் என்பது அரைக் கிலோகிராமுக்கும் குறைவு! மண் வெட்டும் உடலுக்கு இது போதாதென்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதிட்டார். 1877-ஆம் ஆண்டிலேயே கூலி உயர்த்தப்பட்டது. அதற்குள் மாண்டவர் மாண்டனர். வேலை முடிந்ததும் கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரைச் சூட்டினர். கூடை சுமந்தவர்களில் ஒருவர் பெயரும் அதன் கரையில் இல்லை.

விறகும் உப்பும் நெல்லும் கருவாடும் இவ்வழியே சென்னைக்கு வந்தன. ஸ்ரீஹரிகோட்டாவின் சவுக்கு விறகு எரியாத அடுப்பு அந்நாளைய சென்னையில் அரிது எனலாம். காற்றுள்ளபோது பாய் விரித்தும், இல்லாதபோது கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தும், கழி ஊன்றியும் படகைச் செலுத்தினர். மாமல்லபுரத்துக்கு இக்கால்வாயில் படகேறிச் சென்றதைப் பாவேந்தர் பாரதிதாசன் ‘மாவலிபுரச் செலவு’ என்னும் கவிதையாக்கியுள்ளார். கயிறிழுத்தவனின் களைப்பையும் அவர் கண் தவறவிடவில்லை.

1899-இல் சென்னைக்கும் விசயவாடாவுக்கும் இருப்புப்பாதை இணைந்தது. சரக்கு மெல்ல அதன் பக்கம் சாய்ந்தது. பிறகு லாரிகள் வந்தன. 1960-களின் நடுவிலும் 1976-இலும் வீசிய புயல்கள் கரைகளைச் சிதைத்தன. நகரத்துக் கழிவும் சேர்ந்து கால்வாயைச் சாக்கடையாக்கிற்று. 1990-களில் மயிலாப்பூருக்குப் பறக்கும் இரயில் பாதை அமைத்தபோது, அதன் தூண்களைக் கால்வாய்ப் படுகையிலேயே நிறுத்தினர்! ஆனால் 2008-இல் அதே கால்வாயைத் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவித்தனர். தூண்களுக்கிடையே எந்தப் படகு நுழையும் என்பதை அறிவித்தவர்களே கூற வேண்டும்.

2004 டிசம்பர் 26-ஆம் நாள் நம் தீவுகளைச் சூறையாடிய அதே பேரலை, சோழமண்டலக் கரையிலும் ஏறியது. கால்வாய் உள்ள பகுதிகளில் அலைநீரின் ஒரு பங்கை அது ஏந்திக்கொண்டு மீண்டும் கடலுக்கே வடித்துவிட்டதாக நிலவியலார் பின்னர் எழுதினர். நூறாண்டுக்கு முன் வெட்டியவர்கள் இப்பயனைக் கனவிலும் கருதியிருக்க மாட்டார்கள்.

கப்பலேறி மூன்று நாளில் சென்னையை அடையும் அன்பர்கள் ஒரு மாலைப் பொழுது சேப்பாக்கத்து லாக் நகருக்கோ, கோட்டூர்ப்புரத்து லாக் தெருவுக்கோ சென்று வரலாம். பெயர்ப் பலகையைப் பார்த்து, இங்கே யார் எதைப் பூட்டினார்கள் என்று கேட்டால், அப்பகுதி இளைஞர் பலர் விழிப்பர். பலகை மட்டும் இன்னும் அங்கே தொங்குகிறது.