பிரான்ஸில் இளையோர் கால்பந்துப் பயிற்சியின் வரலாறு

பிரான்ஸ் நாட்டின் இன்றைய இளையோர் கால்பந்துப் பயிற்சி முறை 1970-களில் உருவானது. வளரும் சிறுவருக்கு உடல் வலிமை முதன்மையானதா, பந்தாளும் திறன் முதன்மையானதா என்ற கேள்வி இதன் வரலாறு முழுவதும் தொடர்கிறது.

பின்னணி

1970, 1974 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற உலகக் கோப்பைப் போட்டிகளுக்குப் பிரான்ஸ் தகுதி பெறவில்லை. அக்காலத்தில் தேசியத் தொழில்நுட்ப இயக்குநராக இருந்தவர் ஜார்ஜ் பூலோஞ். முறையான பயிற்சி இளம் வயதிலேயே தொடங்க வேண்டும் என்பது அவர் கருத்து. 1972-இல் விஷி நகரில் தேசியக் கால்பந்துப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1973 முதல், முதல்நிலைத் தொழில்முறைக் கழகங்கள் தமக்கெனப் பயிற்சி மையம் வைத்திருப்பது கட்டாயமாயிற்று. 1988-இல் பாரிஸுக்குத் தென்மேற்கே, ரம்பூயே காட்டுப் பகுதியில் கிளேர்ஃபொன்டெய்ன் தேசிய மையம் திறக்கப்பட்டது.

பயிற்சி முறை

கிளேர்ஃபொன்டெய்னில் பாரிஸ் வட்டாரத்தைச் சேர்ந்த சிறுவர்கள் 13 வயதில் சேர்க்கப்பட்டு, இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெறுகின்றனர். திங்கள் முதல் வெள்ளி வரை அங்கேயே தங்கிப் பள்ளிக்குச் செல்கின்றனர். வார இறுதியில் வீடு திரும்பித் தத்தம் கழகத்துக்காக ஆடுகின்றனர்.

பந்தைக் கட்டுப்படுத்துதல், எதிரியைக் கடந்து செல்லுதல், பழக்கமில்லாத காலாலும் உதைக்கப் பழகுதல் ஆகியவற்றுக்கே முதலிடம் தரப்படுகிறது. வேகம், உடல் ஒருங்கிணைவு ஆகியவற்றுக்கான பயிற்சிகளும் உண்டு. தசை வலிமையைப் பருவ வளர்ச்சிக்குப் பிறகும் பெருக்கிக்கொள்ளலாம். சிறு வயதில் படியாத கால்திறனைப் பின்னர் பெறுவது கடினம்.

விளைவுகள்

1990, 1994 உலகக் கோப்பைகளுக்கும் பிரான்ஸ் தகுதி பெறாததால், பலன் உடனே தெரியவில்லை. 1998-இல் சொந்த மண்ணில் பிரேசிலை 3-0 என வென்று கோப்பையைக் கைப்பற்றியது. அத்தொடரில் பிரான்ஸுக்காக மிகுதியான கோல்கள் அடித்த 20 வயது தியரி ஆன்றி, கிளேர்ஃபொன்டெய்ன் மாணவர். 2018 இறுதியாட்டத்தில் 19 வயதில் கோல் அடித்த கிலியன் எம்பாப்பேயும் அங்கு பயின்றவரே.

விடுபட்டவர்கள்

ஆயினும் இம்முறையில் ஒரு குறை இருந்தது. ஒரே வகுப்பில் படிக்கும் 13 வயதுச் சிறுவர்களில் ஒருவன் இளைஞனைப் போல் வளர்ந்திருப்பான்; மற்றொருவனுக்கு வளர்ச்சி தொடங்கியே இராது. கழகங்களின் தேர்வுகளில் வாட்டசாட்டமான சிறுவனே எளிதில் கண்ணில் பட்டான்.

1991-இல் பிறந்த அந்துவான் கிரீஸ்மன், உருவில் சிறியவர் என்பதால் பிரெஞ்சுக் கழகங்கள் பலவற்றால் மறுக்கப்பட்டார். 14 வயதில் வீட்டைப் பிரிந்து, ஸ்பெயினின் ரியல் சொசியேடாட் கழகத்தில் சேர்ந்தார். அதே ஆண்டில் பிறந்த நுகோலோ கான்டேயும் குட்டையானவர். பாரிஸின் புறநகர்க் கழகம் ஒன்றில் ஆடிவந்த அவர், பிரான்ஸின் முதல் பிரிவுக்கு வந்தபோது வயது 23.

2018-இல் பிரான்ஸ் மீண்டும் உலகக் கோப்பையை வென்றபோது இவ்விருவரும் அணியின் தூண்களாக விளங்கினர். குரோவாசியாவை 4-2 என வென்ற இறுதியாட்டத்தில் கிரீஸ்மன் ஒரு கோல் அடித்தார். ஒரு சிறுவனின் இன்றைய உயரத்தை வைத்து அவனுடைய நாளைய திறனை அளக்க முடியாது என்பதற்கு இவர்கள் இருவரும் சான்று. இவர்களைப் போல் மறுக்கப்பட்டு, வேறு வாய்ப்பும் கிடைக்காமல் ஆட்டத்தை விட்டுவிட்ட சிறுவர்களின் பெயர்கள் எந்தப் பதிவிலும் இல்லை.