கேமரன் மலைக்கு ஒரு நாள்: சாலையும் தேயிலையும் வந்த கதை



பள்ளி விடுமுறை வந்துவிட்டால் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “எங்கேயாவது போவோமா?” முன்பெல்லாம் தோட்டத்து லாரியில் பலகை போட்டு, ஐம்பது பேர் நெருக்கியடித்துக்கொண்டு கடற்கரைக்கோ கோயில் திருவிழாவுக்கோ போய் வருவதுதான் நம் உல்லாசப் பயணம். இன்று இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து, வழி தெரிந்த ஓட்டுநரோடு ஒரு வேனைப் பேசி வைத்துக்கொண்டு, விடியுமுன் புறப்பட்டு இருட்டுமுன் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் போகிறவர்களில் பலர் நாடுவது கேமரன் மலையை. குளிர், தேயிலை, பூ, ஸ்ட்ராபெரிப் பழம் என்று பார்த்து மகிழ அங்கே நிறைய உண்டு. ஆனால் அந்த மலை எப்படி நாம் பார்க்கும் மலை ஆனது என்பதைத் தெரிந்துகொண்டு போனால் பயணத்தின் சுவையே வேறு. அதிலும் நம்மவர்களுக்கு அது சொந்த வீட்டுக் கதை.

தாப்பா பட்டணத்தைத் தாண்டியதும் சாலை ஏறத் தொடங்குகிறது. அங்கிருந்து தானா ராத்தா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். தூரம் பெரிதல்ல, வளைவுகள்தான் பெரிது. ஒரு வளைவு முடியுமுன் அடுத்த வளைவு வந்துவிடும். வயிற்றைப் புரட்டும் பிள்ளைகளுக்கு எலுமிச்சம்பழம் ஒன்றைக் கையில் கொடுத்து முன் இருக்கையில் உட்கார வைப்பது நல்லது. வழியில் லாத்தா இஸ்கந்தார் அருவி. எல்லா வேன்களும் அங்கே நிற்கும். பிள்ளைகள் காலை நனைத்துக்கொள்ளட்டும். சாலையோரத்தில் ஓராங் அஸ்லி மக்கள் காட்டுத் தேனும் மூங்கில் தண்டுகளும் பெத்தாய்க் காயும் வைத்து விற்பதைக் காணலாம். இந்த வட்டாரத்தில் பெரும்பாலும் செமாய் இனத்தவர். மலையை யார் கண்டுபிடித்தது என்று புத்தகங்கள் எழுதுகின்றனவே, அதற்கெல்லாம் முன்பிருந்தே இவர்கள் முன்னோர் இங்கே நடந்து திரிந்தவர்கள்.

புத்தகங்கள் சொல்வது இது. 1885-ஆம் ஆண்டு, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவின் ஏற்பாட்டில், வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங், பேராக் எல்லை மலைகளை ஆராயப் போனார். மலைகளுக்கு நடுவே சரிவு குறைந்த விசாலமான மேட்டு நிலம் ஒன்றைக் கண்டதாக எழுதினார். ஆனால் அந்த இடத்தை வரைபடத்தில் சரியாகக் குறித்து வைக்கவில்லை. மறு ஆண்டே அவர் இறந்தும் போனார். அதன் பிறகு நாற்பது ஆண்டுக் காலம் அந்த மேட்டு நிலம் பேச்சில் மட்டுமே இருந்தது. தான் கண்ட இடத்தைச் சரியாகக் காட்டாமல் போனவரின் பெயர் ஒரு மாவட்டத்துக்கே நிலைத்துவிட்டது என்பது வேடிக்கைதான்.

1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற உயர் அதிகாரி அங்கே ஏறிப் பார்த்துவிட்டு, இதை மலைவாசத் தலமாக்கலாம் என்று பரிந்துரைத்தார். மலைவாசத் தலம் என்றால் யாருக்கு? வெயில் தாங்காத வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் துரைமார்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும். இந்தியாவில் உதகையும் சிம்லாவும் அப்படித்தான் உண்டாயின. மலாயாவில் பினாங்குக் கொடிமலையும், தைப்பிங்கின் மேக்ஸ்வெல் மலையும், பிரேசர் மலையும் அதே நோக்கத்தில் எழுந்தவை. நம் பாட்டன் பாட்டிமார் இத்தகைய மலைகளுக்கு ஏறியது உண்டு. காற்று வாங்க அல்ல; மண் வெட்டவும் கல் சுமக்கவும் காடழிக்கவும்.

முதலில் சாலை வேண்டும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போடும் வேலை 1920-களின் பிற்பகுதியில் மும்முரமாகி, 1930-களின் தொடக்கத்தில் முடிந்தது. இன்று ஒன்றரை மணி நேரத்தில் கடக்கும் அந்த வழியை அமைக்க ஆண்டுக்கணக்கில் ஆனது ஏன்? விடாத மழை ஒரு காரணம். வெட்டிய சரிவு மறுநாளே சரிந்து விழும். மலைக் காய்ச்சல் இன்னொரு காரணம். மலேரியா என்று இன்று சொல்லும் அந்த நோய் அடிவாரத்து முகாம்களில் தொழிலாளிகளை வாட்டி எடுத்தது. மலாயாவின் சாலைகளையும் ரயில் பாதைகளையும் போட்டதில் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருக்கு உண்டு என்பதை வரலாற்றாசிரியர்கள் எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். வேன் வளைவில் திரும்பும்போது பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். மண்வாரி இயந்திரம் இல்லாத காலத்தில் சங்கோலும் கூடையும் வைத்துக்கொண்டு வெட்டிய பாதை இது.

ரிங்லெட் வந்ததும் காது இலேசாக அடைக்கும், காற்று குளிரும். இங்கே ஓர் ஏரி தெரியும். அது இயற்கை ஏரி அன்று; சுல்தான் அபு பாக்கார் அணைக்கட்டின் நீர்த்தேக்கம். 1960-களின் தொடக்கத்தில் மின்சாரத்துக்காக எழுந்தது. வண்டியை நிறுத்தித் தண்ணீரைப் பாருங்கள். பல நாட்களில் அது தேத்தண்ணீர் நிறத்தில்தான் இருக்கும். மேலே காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் சரிவுகளை மொட்டையடித்ததால் மழைக்கு மண் கரைந்து வந்து இங்கே படிகிறது. மண் படியப் படிய நீர்த்தேக்கம் கொள்ளும் நீரின் அளவு குறையும். 2013 அக்டோபரில் கனமழை பெய்து, அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. மலிவாகக் கிடைக்கும் முட்டைக்கோசுக்குப் பின்னால் இப்படி ஒரு கணக்கும் இருக்கிறது.

இனித் தேயிலைக்கு வருவோம். நம் நேயர்களுக்கு இதுவே முக்கியம்.

1929-இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்ற தொழிலதிபர், ஈயத்திலும் ரப்பரிலும் ஈடுபட்டிருந்தவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் இந்தியர் ஒருவர் பாரத் தேயிலைக்கு அடித்தளமிட்டார். ரஸ்ஸல் அதே ஆண்டில் காலமானார். தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1929 உலகப் பொருளாதார மந்தம் வெடித்த ஆண்டு. ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. 1930 முதல் 1932 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர்களை மலாயாவிலிருந்து கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்பினார்கள். பால் மரத்தை நம்பி வந்தவர்கள் வெறுங்கையோடு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறங்கிய அதே காலத்தில்தான், மேலே குளிரில் புதிய தேயிலைச் சரிவுகள் திறக்கப்பட்டுக்கொண்டிருந்தன. சமவெளியில் ‘ஆள் வேண்டாம்’ என்ற குரல். மலையில் காடு வெட்ட ஆள் தேவை.

அப்போது தானா ராத்தா வட்டாரத்துக் குளிர் இன்றையதைவிடக் கடுமை என்று பெரியவர்கள் சொல்வார்கள். தஞ்சை, திருச்சி, சேலம் வெயிலில் பிறந்தவர்களுக்கு அந்தக் குளிர் எப்படி இருந்திருக்கும்? ரப்பர் தோட்டத்தில் மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது. வேலை நின்றுவிடும், சம்பளமும் நின்றுவிடும். தேயிலையில் மழைக்கும் பனிக்கும் விடுமுறை கிடையாது. இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, முதுகில் கூடையைத் தொங்கவிட்டு, காலில் அட்டை கடிக்கக் கடிக்கக் கொழுந்து பறிக்க வேண்டும். இரண்டு இலையும் ஒரு மொட்டும், அதுதான் கணக்கு. முற்றிய இலை கலந்தால் நிறுவையில் கழித்துவிடுவார்கள். ஒரு கிலோ தேயிலைக்கு நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்றால் விரல்களின் வேலையை எண்ணிப் பாருங்கள்.

வேன் தேயிலைச் சரிவைப் பார்க்க நிற்கும் இடத்தில் எல்லாரும் படம் எடுப்பார்கள். பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் இருக்கிறது என்பார்கள். விட்டுவிட்டால் தேயிலை ஆளுயரத்துக்கு மேல் மரமாகிவிடும் செடி. அது இடுப்பளவில் சமமாக நிற்பது கவாத்து வெட்டுவதாலும், வாரம் தவறாமல் கொழுந்து எடுப்பதாலும். வரிசைகளுக்கு நடுவே தெரியும் கோடுகள் கொழுந்து பறிக்கிறவர்கள் நடக்க விட்ட வழிகள். ஆகவே அங்கே நாம் அழகு என்று பார்ப்பது முழுவதும் இயற்கை தந்தது அன்று. மூன்று நான்கு தலைமுறைக் கைகள் செதுக்கியது. கவாத்து, கொழுந்து என்ற இந்தச் சொற்களே இலங்கை மலைநாட்டுத் தமிழர் வாயில் வழங்குபவை.

தொழிற்சாலையைப் பார்வையிட வாய்ப்பிருந்தால் தவற விடாதீர்கள். எந்த நாளில் திறந்திருக்கும் என்பதை வேன் பேசும்போதே ஓட்டுநரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கொழுந்தை முதலில் காற்றில் வாட வைக்கிறார்கள். பிறகு உருட்டிக் கசக்குகிறார்கள். கசங்கிய இலை காற்றுப் பட்டுச் செம்பு நிறத்துக்கு மாறுகிறது. பின் சூட்டில் உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். அந்த வாசனையை எழுத்தில் தர முடியாது.

இன்று கையால் பறிப்பது மிகக் குறைவு. முதலில் கத்தரி வந்தது. பிறகு இருவர் பிடித்துச் செல்லும் வெட்டு இயந்திரம். அதைப் பிடித்து நடப்பவர்களில் பலர் வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். இந்திய அரசு 1938 ஜூனில் உதவி பெற்றுக் குடியேறும் முறையை நிறுத்திய பிறகு, இங்கேயே பிறந்த பிள்ளைகள்தாம் தோட்டங்களைத் தாங்கினார்கள். அவர்களின் பிள்ளைகள் படித்து இறங்கிவிட்டார்கள், இறங்கியதும் நல்லதுதான். தம் தாய்மார் ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு மலையேறியதை அவர்கள் மறக்கவில்லை. தம் பிள்ளைகளை அந்த வேலைக்கு அனுப்ப விரும்பாதது இயற்கை. ஆனால் லயங்கள் காலியாகும்போது, யார் எந்தச் சரிவை நட்டார்கள் என்ற நினைவும் கூடவே காலியாகிறது. துரையின் பெயர் நிறுவனத்தின் வரலாற்றில் இருக்கும். கங்காணியின் பெயர்கூட எங்காவது ஒரு பதிவேட்டில் அகப்படலாம். கொழுந்து பறித்த பெண்ணின் பெயரைப் பேரப்பிள்ளைகள் சொன்னால் உண்டு.

வழிகாட்டிகள் தவறாமல் சொல்லும் கதை ஒன்று உண்டு. ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், தாய்லாந்துப் பட்டுத் தொழிலால் புகழ்பெற்றவர், 1967 மார்ச் 26-ஆம் நாள் தானா ராத்தா அருகே நண்பர்களின் மாளிகையில் தங்கியிருந்தபோது, பிற்பகலில் நடக்கப் போனவர் திரும்பவேயில்லை. போலீசாரும் இராணுவத்தினரும் ஓராங் அஸ்லி மக்களும் நாட்கணக்கில் தேடியும் ஒரு தடயமும் அகப்படவில்லை. சுவையான கதைதான், கேட்டுக்கொள்ளுங்கள். காணாமற்போன ஒருவருக்குக் கால் மணி நேரம் ஒதுக்கும் வழிகாட்டியிடம், அங்கேயே உழைத்து அங்கேயே மண்ணானவர்களுக்கு ஐந்து நிமிடம் கேட்பது தவறல்ல என்பது நம் எண்ணம்.

அதற்கு வழி இருக்கிறது. மலையில் வேனும் பழைய லேண்ட் ரோவரும் ஓட்டுகிறவர்களில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த தமிழர்கள் இருக்கிறார்கள். “தம்பி, தாத்தா எந்தத் தோட்டத்தில் இருந்தார்?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மனப்பாடமாகச் சொல்லிவந்த விவரம் நின்று, வேறு பேச்சு தொடங்கும். அவசரகாலத்தில், அதாவது 1948 முதல் 1960 வரை, மலைச் சாலைகளில் வண்டிகள் பாதுகாப்போடு சேர்ந்து போனது, எந்த லயத்தில் எந்தக் கோயில், எந்தப் பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்றெல்லாம் வெளிவரும். பிரேசர் மலைக்குப் போகும் வழியில் 1951-இல் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் ஹென்றி கர்னியே சுட்டுக் கொல்லப்பட்டார் என்றால், அந்நாளில் மலையில் வேலை செய்தவர்கள் எப்படிப் பயந்து வாழ்ந்திருப்பார்கள்!

நேரமிருந்தால் பிரிஞ்சாங் மலைக்கு ஏறலாம். 2,000 மீட்டருக்கு மேல் உயரம். பாசிக்காடு என்று அங்கே சொல்கிறார்கள். மரங்கள் குள்ளம்; அடி முதல் கிளை வரை ஈரப்பாசி போர்த்தியிருக்கும்; பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடிகள் தொங்கும். பாதை குறுகல், செங்குத்து. சமவெளியிலிருந்து வந்த வேன்களுக்கு அது ஏற்றதல்ல. அங்கேயே இருக்கும் வண்டியைப் பேசிக்கொள்வதும், காட்டுக்குள் போக அனுமதி உண்டா என்று முன்கூட்டியே விசாரிப்பதும் அவசியம். பாசியைக் கையால் பிய்க்கப் பிள்ளைகளை விடாதீர்கள். அது வளர நெடுங்காலம் ஆகிறது.

வாடகை பேசும்போது எத்தனை இடம், எத்தனை மணி நேரம், எண்ணெய்ச் செலவும் நுழைவுக் கட்டணமும் யார் பொறுப்பு என்பதை முதலிலேயே தெளிவாகப் பேசிவிடுங்கள். வயதானவர்களுக்கு ஒரு கம்பளி, எல்லாருக்கும் மழைச்சட்டை. வீட்டில் ஒரு காலத்தில் தேயிலையில் வேலை செய்த பாட்டி இருந்தால், இடம் போதாவிட்டாலும் அவரை ஏற்றிக்கொள்ளுங்கள். வழிகாட்டிக்குத் தெரியாததை அவர் சொல்வார். பிற்பகல் நான்கு மணிக்குமேல் மூடுபனி இறங்கத் தொடங்கிவிடும். தாப்பா சாலையானாலும், சிம்பாங் பூலாய் வழியானாலும், வெளிச்சம் இருக்கும்போதே மலையிறங்கிவிட வேண்டும்.