சூடு நின்னு போச்சுன்னு நானும் சொன்னவன்தான்

போன சீசன்ல ஐந்தருவிக்குப் போற வழியில மங்குஸ்தான் விக்கிற கடையில நின்னுக்கிட்டிருந்தேன். சாரல் நல்லா அடிச்சுக்கிட்டிருந்தது. பக்கத்துல சென்னையிலேர்ந்து வந்த ஒரு குடும்பம். தலையில துண்டு, பல்லு கிடுகிடுங்குது. அந்த வீட்டுக்காரர் சிரிச்சுக்கிட்டே, "இந்தக் குளிருல நின்னுக்கிட்டு குளோபல் வார்மிங்னு சொன்னா யாரு சார் நம்புவா?" என்றார். கடைக்காரரும் சிரிச்சார். எனக்குச் சிரிக்க வாய் வரலை. ஏன்னா 2013-ல அதையே கொஞ்சம் படிச்ச பாஷையில சொன்னவன் நான்.

அந்த வருஷம் ஒரு கட்டுரை படிச்சேன். 1998-க்கு அப்புறம் உலகத்தோட சராசரி வெப்பம் ஏறவே இல்லை, விஞ்ஞானிகளே குழம்பிப் போயிருக்காங்கன்னு அதுல இருந்தது. எங்க சித்தப்பா அப்போ தென்னந்தோப்புல ஒரு பண்ணைக்குட்டை வெட்டுறதா, வேண்டாமான்னு யோசனையில இருந்தார். "இனிமே வெயில் ஏறிக்கிட்டேதான் போகும்னு சொல்லுதாங்களேய்யா, குட்டை இருந்தா ஆபத்துக்கு உதவும்லா?" என்று என்னைக் கேட்டார். வீட்டுல பேப்பர் படிக்கிறவன் நான் ஒருத்தன்தான். "சித்தப்பா, அது நின்னு போச்சாம். பதினஞ்சு வருஷமா ஏறலையாம். அவசரப்படாதீங்க"ன்னு சொன்னேன். அவரும் அவசரப்படலை.

2016-ல வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டுல சராசரியைவிட 62 சதவீதம் குறைஞ்சு போச்சு. மறு வருஷம் சித்தப்பா தோப்புல முப்பதுக்கு மேல மரம் கொண்டை சாய்ஞ்சது. அந்த வறட்சிக்கும் உலக வெப்பத்துக்கும் நேரா முடிச்சுப் போட எனக்குத் தைரியம் கிடையாது. மழை பொய்க்க ஆயிரம் காரணம். ஆனா கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த பதில் அரைகுறைங்கிறது மட்டும் உறுத்திக்கிட்டே இருந்தது. அந்த "நின்னு போச்சு" எங்கேர்ந்து வந்தது, எங்கே போச்சுன்னு அதுக்கப்புறம்தான் தேடிப் படிச்சேன்.

2006-ல ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாப் கார்ட்டர்ங்கிற நிலவியல் பேராசிரியர், வெப்பமாதல் 1998-லயே நின்னுட்டதுன்னு லண்டன் பத்திரிகை ஒண்ணுல எழுதினார். அங்கேர்ந்து அந்தப் பேச்சு பிடிச்சுக்கிட்டது. 2013-ல ஐ.நா.வின் காலநிலைக் குழு, ஐ.பி.சி.சி.ன்னு சொல்றோமே, அதோட ஐந்தாவது அறிக்கையிலேயே அந்தக் கணக்கு வந்தது. 1951-லேர்ந்து 2012 வரைக்கும் பத்து வருஷத்துக்கு 0.12 டிகிரி ஏற்றம். 1998-லேர்ந்து 2012 வரைக்கும் மட்டும் பார்த்தா 0.05 டிகிரிதான். பாதிக்கும் கீழ. ஆக, "நின்னுட்டது"ன்னு சொன்னவங்க எல்லாரையும் பொய்யன்னு தள்ளிட முடியாது. வேகம் குறைஞ்சது உண்மை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே அதைப்பத்தி நிஜமான சண்டை நடந்தது.

அதே அறிக்கையில இன்னொரு கணக்கும் இருக்கு. நான் படிச்ச கட்டுரை அதைச் சொல்லவே இல்லை. அதே பதினஞ்சு வருஷத்தை 1998-க்குப் பதிலா 1996-லேர்ந்து எண்ணினா ஏற்றம் 0.14 டிகிரி. 1997-லேர்ந்து எண்ணினா 0.07. ரெண்டு வருஷம் முன்னப் பின்ன நகர்ந்ததுக்கே இவ்வளவு வித்தியாசம். காரணம் 1998. 1997-98 எல் நினோ ரொம்பப் பலமானது, அதனால 1998 தனியா எகிறி நிக்கும். குத்தாலத்துல ரூம் வாடகைக்கு விடுறவங்ககிட்ட கேட்டுப் பாருங்க. அமோகமா ஓடின ஒரு சீசனைச் சொல்லிட்டு, "அதுக்கப்புறம் எல்லாமே டல்லுதான் அண்ணாச்சி"ம்பாங்க. அவங்க பொய் சொல்லலை. எண்ண ஆரம்பிச்ச இடம் அப்படி.

இந்த எல் நினோ கதையில நம்ம ஊருக்கு ஒரு பங்கு உண்டு. அது தெரிஞ்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்தது. 1876-78 தாது வருஷப் பஞ்சம்னு தெக்கத்திக் கிழவிகள் சொல்லுவாங்களே, லட்சக்கணக்குல ஜனம் செத்த பஞ்சம், அதுக்குப் பின்னாடி இருந்ததும் ஒரு பெரிய எல் நினோதான்னு இப்போ தெரியும். அப்போ தெரியாது. இந்திய வானிலைத் துறை ஆரம்பிச்சது 1875-ல. ஆரம்பிச்ச மறு வருஷமே பஞ்சம். மழை வருமா வராதான்னு முன்கூட்டியே சொல்லுன்னு அரசாங்கம் நெருக்கினது. முதல் தலைவர் பிளான்ஃபோர்டு இமயமலைப் பனியை வச்சுக் கணிச்சுப் பார்த்தார். 1899-ல மறுபடியும் பருவமழை மோசமாப் பொய்த்தது.

1904-ல கில்பர்ட் வாக்கர்னு ஒரு கணக்கு வாத்தியாரைத் தலைமைக்குக் கொண்டுவந்தாங்க. வானிலை பத்தி அவருக்கு அதுவரைக்கும் ஒண்ணும் தெரியாது. பூமராங் எப்படித் திரும்பி வருதுன்னு ஆராய்ச்சி பண்ணி, கேம்பிரிட்ஜ்ல அந்தப் பேராலயே பட்டப்பேர் வாங்கின ஆளு. உலகத்துல எங்கெங்கே காத்தழுத்தம், மழை, வெப்பம் குறிச்சு வச்சிருக்காங்களோ அத்தனையும் வரவழைச்சார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். நம்ம ஊர் குமாஸ்தாக்களை உக்கார வச்சு ஒண்ணோட ஒண்ணைப் பொருத்திப் பார்த்தார். வருஷக்கணக்கா இதே வேலை. கடைசியில தெரிஞ்சது என்னன்னா, பசிபிக் கடல் பக்கம் அழுத்தம் ஏறினா இந்துமாக்கடல் பக்கம் இறங்கும், இங்கே ஏறினா அங்கே இறங்கும். ஏத்தம் இறைக்கிறப்ப ஒரு முனை ஏறினா மறுமுனை இறங்குமே, அந்த மாதிரி. அதுக்குத் தெற்கு அலைவுன்னு பேர் வச்சார். மழையைச் சரியாக் கணிக்கணும்ங்கிற அவரோட ஆசை மட்டும் நிறைவேறலை. இன்னைக்கும் அது முழுசா பிடிபடலைதான். 1997-ல அவ்வளவு பெரிய எல் நினோ இருந்தும் இந்தியாவுல பருவமழை சரியாவே பெய்ஞ்சது. 2009-ல அதைவிடச் சின்ன எல் நினோதான், மழை சராசரியில 78 சதவீதத்தோட நின்னு போச்சு. உலகம் பூரா "வெப்பம் நின்னுட்டது"ன்னு பேச்சு சூடு பிடிச்சிருந்த வருஷமும் அந்த 2009-தான்.

"நின்னு போன" சூடு எங்கே போச்சுன்னு கண்டுபிடிக்க வாக்கரோட அந்த ஏத்தம்தான் உதவினது. 2013-ல யூ கொசாகா, ஷாங்-பிங் ஷீ ரெண்டு பேரும் ஒரு சோதனை செய்தாங்க. கம்ப்யூட்டர்ல ஓடுற உலக மாதிரியில, பசிபிக்கோட கிழக்குப் பக்கம் மட்டும், உலகப் பரப்புல சுமார் 8 சதவீதம், நிஜத்துல அளந்த வெப்பத்தையே கொடுத்தாங்க. மிச்சத்தை மாதிரியே கணக்குப் போட்டுக்கிட்டது. நிஜத்துல நடந்த அதே மந்தம் அதுலயும் வந்தது. கிழக்குப் பசிபிக் குளிர்ந்து கிடந்ததுதான் காரணம். அந்த வருஷங்கள்ல பசிபிக் காத்து வழக்கத்தைவிடப் பலமா அடிச்சு, வெந்நீரை மேற்கே தள்ளி, சூட்டைக் கீழே அமுக்கி வச்சிருந்தது.

எங்க ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்ல நான் குளத்தைத்தான் உதாரணம் காட்டுவேன். சிற்றாத்துத் தண்ணி அணைக்கட்டுல திரும்பி, கால்வாய் வழியா மேல்குளத்துக்கு வரும். அது நிறைஞ்சு மறுகால் பாய்ஞ்சாத்தான் கீழ்க்குளத்துக்குத் தண்ணி. ஒரு வருஷம் எங்க மேல்குளத்தைத் தூர் வாரினாங்க. குளம் ஆழமாகிட்டதால நிறைய நாள் பிடிச்சது. கீழ்க்குளத்துப் பாசனக்காரங்க, "மலையில மழையே இல்லை போல"ன்னு நாத்துப் பாவாம உக்காந்திருந்தாங்க. மலையில நல்ல மழைதான். தண்ணி மேல்குளத்துல இருந்தது. பூமியில கூடுதலாச் சேர்ற சூட்டுல 90 சதவீதத்துக்கு மேல கடலுக்குத்தான் போகுது. நாம தெர்மாமீட்டர்ல பார்த்துப் பேசுறது கீழ்க்குளத்தை மட்டும்.

இந்தக் கதையில மறுகாலும் உண்டு. 2015-ல வந்த ஓர் ஆய்வு, பசிபிக்ல சேர்ந்த சூடு இந்தோனேசியத் தீவுகளுக்கு நடுவுல புகுந்து இந்துமாக்கடலுக்கு வந்துட்டதுன்னு காட்டினது. அந்தப் பத்து வருஷத்துல உலகக் கடல்கள்ல மேல் 700 மீட்டர் ஆழத்துல ஏறின வெப்பத்துல 70 சதவீதத்துக்கு மேல இந்துமாக்கடல்லதான் இருந்ததாம். நான் சித்தப்பாகிட்ட "நின்னு போச்சு"ன்னு சொல்லிக்கிட்டிருந்த நேரத்துல அது நம்ம கடலுக்கு வந்து சேர்ந்துக்கிட்டிருந்திருக்கு. குத்தாலத்துச் சாரலே அந்தக் கடல்மேல வர்ற காத்து ஆரியங்காவு கணவாய்ல நுழைஞ்சு கொடுக்கிறதுதான். இந்துமாக்கடல் சூடேற ஏற, கடலுக்கும் தரைக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் குறைஞ்சு, நடு இந்தியாவுல பருவமழை தளர்ந்திருக்குன்னு புனேயில இருக்கிற ராக்சி மேத்யூ கோல் குழு அதே 2015-ல எழுதினது.

இன்னொரு சங்கதி, அளக்கிற கருவி. 1792-ல சென்னை நுங்கம்பாக்கத்துல கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வானோக்கு நிலையம் கட்டினது. இப்போ மண்டல வானிலை மையம் இருக்கிற வளாகத்துல அதோட கருங்கல் தூண் இன்னும் நிக்குது, தமிழ்லயும் எழுத்து வெட்டியிருக்கு. கல்லூரிச் சாலைப் பக்கம் போறவங்க விசாரிச்சுப் பாருங்க. 1796-லேர்ந்து அங்கே வெப்பம் குறிச்சிருக்காங்க. தரையில பிரச்சினை அவ்வளவு இல்லை. கடல்லதான் சிக்கல். முதல்ல கப்பல்லேர்ந்து வாளியை இறக்கித் தண்ணி மொண்டு அளந்தாங்க. கித்தான் வாளியில தண்ணி மேல வர்றதுக்குள்ள கொஞ்சம் ஆறிடும். அப்புறம் இன்ஜினுக்கு உறிஞ்சுற தண்ணியை அளந்தாங்க. அது கொஞ்சம் சூடு. கடைசியில மிதவைகள் வந்தது. மிதவை காட்டுறது கப்பல் காட்டுறதைவிட 0.1 டிகிரி சுமாருக்குக் குறைவு. 2000-க்கு அப்புறம் மிதவைகள் கூடக் கூட, கடல் ஏறாத மாதிரி ஒரு தோற்றம்.

நெல்லு போடுறவங்களுக்கு இது சட்டுனு புரியும். ஒரு மிஷின்ல ஈரப்பதம் 17 காட்டும், பக்கத்து மிஷின்ல 18 காட்டும். நெல்லு ஒண்ணுதான். 2015-ல அமெரிக்காவுல தாமஸ் கார்ல் குழு இந்த வித்தியாசத்தைச் சரிபண்ணிக் கணக்குப் போட்டப்ப, 2000-லேர்ந்து 2014 வரைக்கும் பத்து வருஷத்துக்கு 0.116 டிகிரி வந்தது. 1950-லேர்ந்து 1999 வரைக்கும் 0.113. கணக்கைத் திருத்திட்டாங்கன்னு பெரிய கலாட்டா ஆச்சு. 2017-ல வேற ஒரு குழு மிதவை, செயற்கைக்கோள், ஆழ்கடல் மிதவை மூணையும் தனித்தனியா வச்சுப் பார்த்தும் ஏறக்குறைய அதே விடைதான். ஆர்க்டிக் பக்கம் கணக்குல விட்டுப்போனதும் ஒரு ஓட்டை. அங்கேதான் வேகமா ஏறுது, அங்கே கருவி இல்லை. அதை அடைச்சதுல ஒருத்தர் கெவின் கவ்டன், புரதங்களோட அமைப்பை ஆராயுறவர்.

ஆனா கார்ல் திருத்தினதோட எல்லாம் முடிஞ்சு போச்சுன்னும் சொல்ல மாட்டேன். அடுத்த வருஷமே சில விஞ்ஞானிகள், "மந்தம் இருந்தது நிஜம், அதை மறுக்கிறதைவிட ஏன்னு பாருங்க"ன்னு எழுதினாங்க. எனக்கு அவங்க பேச்சுதான் நியாயமாப் படுது. பிறகு 2015, 2016 ரெண்டும் சாதனை வருஷங்களா வந்தது. 2016-ஐத் தொடக்கமா வச்சு மறுபடியும் "நின்னுட்டது" கிளம்பினது. 2023-லயும் 2024-லயும் அதுவும் போச்சு. 2024-ல தொழிற்புரட்சிக்கு முந்தின அளவைவிட 1.55 டிகிரி கூட. 2024 முடிஞ்சப்ப, அதுவரைக்கும் பதிவு இருக்கிற காலத்துலயே வெப்பமான பத்து வருஷமா இருந்தது 2015-லேர்ந்து 2024 வரைக்கும் உள்ள அந்தப் பத்துதான். இனி 2024-லேர்ந்து எண்ணிக்கிட்டு யாராச்சும் வருவாங்க.

எங்களுக்குப் பகல் வெயிலைவிட ராத்திரிதான் பயம். பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1979-லேர்ந்து 2003 வரைக்கும் குறிச்சு வச்ச கணக்குல, ராத்திரி வெப்பம் 1.13 டிகிரி ஏறியிருக்கு, பகல் 0.35தான். பயிர்க்காலத்துல ராத்திரி ஒரு டிகிரி ஏறினா மகசூல் 10 சதவீதம் குறையுதுன்னு 2004-ல எழுதினாங்க. அருவியில குளிச்சிட்டு ஊருக்குத் திரும்புறவங்களுக்கு எங்க வயல்ல ராத்திரி எத்தனை டிகிரின்னு தெரிய வழியில்லை.

போன ஆனி மாசம் சித்தப்பா செத்த மரங்க இருந்த இடத்துல தென்னம்பிள்ளை வைக்கணும்னார். "நின்னுட்டதா, ஏறுதாய்யா? இப்போ என்ன சொல்லுதாங்க?" என்றார். பதினஞ்சு வருஷத்தைப் பார்த்து நான் சொன்னது தப்பு சித்தப்பா, முப்பது வருஷமாவது சேர்த்துப் பார்த்தாத்தான் தெரியும், பார்த்தா ஏறுதுன்னேன். தென்னை அறுபது வருஷம் நிக்கிற மரம். கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம் நாப்பது பிள்ளை வாங்கலாம்னு இருந்தவர் இருபத்தெட்டு போதும்னார். மிச்ச இடத்துக்கு நாலு பக்கமும் கம்பு ஊனிக் கயிறு கட்டினார். பண்ணைக்குட்டைக்கு ஜே.சி.பி. புதன்கிழமை வருது.