ஒரே சட்டை, ஐந்து பிள்ளைகள்: ராபினின் கதை

பேட்மேன் என்றால் கூடவே ராபின் ஞாபகத்துக்கு வந்துவிடுவான். சிவப்புச் சட்டை, மஞ்சள் அங்கி, கண்ணை மட்டும் மறைக்கும் சின்ன முகமூடி. ஆனால் அந்தச் சட்டைக்குள் இருந்தது எப்போதும் ஒரே பையன் இல்லை. படம் மட்டும் பார்த்தவர்களுக்கு இது கொஞ்சம் ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

முதல் ராபின் டிக் கிரேசன். 1940 ஏப்ரல் தேதியிட்ட டிடெக்டிவ் காமிக்ஸ் 38-ஆம் இதழில் வந்தான். சர்க்கஸில் பார் விளையாடும் குடும்பம். கயிற்றில் ரவுடிகள் அமிலம் தடவியதால் அப்பா, அம்மா இருவரும் விழுந்து இறந்துவிட, பையனை புரூஸ் வெய்ன் எடுத்து வளர்க்கிறார். அவனை உருவாக்கியதற்கு எழுத்தாளர் பில் ஃபிங்கர் சொன்ன காரணம் ரொம்ப எளிமையானது: பேட்மேனுக்குப் பேச்சுத்துணை வேண்டும்! ஷெர்லாக் ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரி. தனியாக நிற்கிற ஆள் எத்தனை பக்கத்துக்குத்தான் மனசுக்குள்ளேயே பேசிக்கொண்டிருப்பார்?

காமிக்ஸில் யாருக்கும் வயதாகாது என்பார்கள். டிக்குக்கு ஆனது. மெதுவாகத்தான். கல்லூரிக்குப் போனான், டீன் டைட்டன்ஸ் குழுவுக்குத் தலைவனானான், 1984-ல் 'நைட்விங்' என்று புதுப்பெயர் வைத்துக்கொண்டான். ஆக ராபின் இடம் காலி.

அந்த இடத்துக்கு ஜேசன் டாட் என்ற பையனை 1983-லேயே கொண்டுவந்திருந்தார்கள். அவனும் சர்க்கஸ், அவன் பெற்றோரும் கொலை. அசல் ஜெராக்ஸ்! பிறகு 1987-ல் அவன் கதையைத் திருத்தி எழுதினார்கள். இப்போது ஜேசன் தெருவில் வளர்ந்த திருட்டுப் பையன். பேட்மேனின் கார் சக்கரங்களைக் கழற்றும்போது அவரிடமே மாட்டிக்கொள்கிறான். நல்ல தொடக்கம்தான். ஆனால் போகப்போக முன்கோபம், சொல்பேச்சு கேளாமை என்று அவன் குணம் மாறியது. 1988-ல் வந்த ஒரு கதையில் ஒரு குற்றவாளி மாடியிலிருந்து விழுகிறான். தானே விழுந்தானா, ஜேசன் தள்ளினானா என்று கதை சொல்லவே இல்லை. அதை எழுதிய ஜிம் ஸ்டார்லினுக்கு, பேட்மேன் கூட ஒரு சின்னப் பையன் சுற்றுவதே பிடிக்காது.

இதற்குப் பிறகு டிசி நிறுவனம் செய்ததுதான் இன்றும் பேசப்படுகிறது. பேட்மேன் 427-ஆம் இதழில் ஜோக்கர் ஜேசனைக் கடப்பாரையால் அடித்துப் போட்டுவிட்டுப் போகிறான், கட்டிடம் வெடிக்கிறது, இதழ் முடிந்துவிடுகிறது. பின் அட்டையில் இரண்டு தொலைபேசி எண்கள். ஒன்று அவன் பிழைக்க, இன்னொன்று சாக. ஒரு அழைப்புக்கு 50 சென்ட். 1988 செப்டம்பர் 15, 16 தேதிகளில் வாக்கெடுப்பு. சாக வேண்டும் என்று 5,343. பிழைக்கட்டும் என்று 5,271. வித்தியாசம் வெறும் 72!

ஓவியர் ஜிம் அபாரோ இரண்டு முடிவுகளையும் வரைந்து தயாராக வைத்திருந்தார். அச்சானது பேட்மேன் பையனின் உடலைத் தூக்கிவரும் பக்கம். இது வெறும் வியாபாரத் தந்திரம் என்று அப்போதே கண்டனம் வந்தது. நியாயமான கண்டனம்தான். எழுத்தாளர் கதாபாத்திரத்தைக் கொல்வது வேறு, காசு வாங்கிக்கொண்டு வாசகனிடம் கட்டைவிரலைக் கேட்பது வேறு. ஒரே ஆள் எத்தனை தடவை வேண்டுமானாலும் டயல் செய்யலாம் என்பதால், 5,343 அழைப்பு என்பது 5,343 பேர் என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் இந்தச் சாவு கதைக்குள் ஒன்றை மாற்றிவிட்டது. ராபின் சட்டை அதுவரை விளையாட்டு உடை. இப்போது அது பேட்மேனின் குகையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது. அடுத்து அதைப் போட வருகிறவனுக்கு, முன்னால் போட்டவன் என்ன ஆனான் என்று தெரியும்.

அடுத்து வந்தவன் டிம் டிரேக், 1989-ல். இந்த முறை எழுத்தாளர்கள் உஷார். டிம் அனாதை இல்லை, பழிவாங்கும் வெறி இல்லை. டிக்கின் சர்க்கஸ் குட்டிக்கரணத்தை ராபினிடமும் பார்த்து, பேட்மேன் யார் என்று தானே கண்டுபிடித்த பையன். ஜேசன் போன பிறகு பேட்மேன் நிதானமிழந்து வருவதைப் பார்த்து, "பேட்மேனுக்கு ராபின் தேவை" என்று வாதாடுகிறான். ஃபிங்கரின் பேச்சுத்துணை யோசனைதான், ஆனால் இப்போது அதைச் சொல்வது கதைக்குள் இருக்கும் ஒரு பையன். 1990 கடைசியில்தான் சட்டை கிடைத்தது, அதுவும் கால்சட்டையோடு. பழைய வெறுங்காலுக்கு ஒருவழியாக விடுதலை!

2004-ல் ஸ்டெஃபனி பிரவுன். சில இதழ்களிலேயே பேட்மேன் அவளை நீக்கிவிட்டார், சீக்கிரமே அவள் இறந்ததாகவும் காட்டினார்கள். ஜேசனுக்குக் கண்ணாடிப் பெட்டி வைத்தீர்கள், இவளுக்கு ஏன் இல்லை என்று வாசகிகள் கேட்டார்கள். சரியான கேள்வி. 2008-ல் அவள் சாகவே இல்லை என்று திருப்பி எழுதினார்கள்.

2009-ல் டேமியன் வெய்ன், புரூஸின் சொந்த மகன். அவன் சட்டை போட்டபோது பேட்மேன் முகமூடிக்குள் இருந்தது புரூஸ் இல்லை, முதல் ராபினான டிக். டேமியனும் 2013-ல் இறந்தான், அடுத்த ஆண்டே திரும்பி வந்தான்.

ஜேசன்? அவனும் 2005-ல் உயிரோடு வந்துவிட்டான், துப்பாக்கி தூக்கும் 'ரெட் ஹுட்' ஆக. ஜோக்கரை ஏன் இன்னும் விட்டுவைத்திருக்கிறாய் என்பதுதான் அவன் பேட்மேனிடம் கேட்ட கேள்வி. அபாரோ வரைந்து அச்சாகாமல் போன அந்தப் 'பிழைத்தான்' முடிவை, டிசி 2023 டிசம்பரில் தனி இதழாகவே வெளியிட்டது.